பாசி வெளுத்த வருசம்

தங்கச்சிமடம் பக்கம் வடகடல் ஓரத்தில் எங்கள் வீடு. வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர், நான் கடலில் மிதவை போட்டுக் கடற்பாசி வளர்க்கிறவள். 2024ல் எங்களுக்கு நடந்ததை எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் வெட்கம்தான். பணம் போனது பெரிய அடி. ஆனால் பணம் போன பிறகு பயத்தில் நான் செய்த காரியங்கள்தான் இன்னும் ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கின்றன. அப்போது யாராவது ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து "இதைச் செய்யாதே" என்று சொல்லியிருந்தால் பாதி நட்டமாவது மிஞ்சியிருக்கும். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை. அதனால்தான் ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.

எங்கள் திட்டம் சின்னத் திட்டம்தான். மூத்தவள் மதுரைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் முதல் வருசம் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வருசக் கட்டணமும் ஹாஸ்டலும் சேர்த்து 75,000 ரூபாய் ஜூலைக்குள் கட்ட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அவருக்கு வேலை இருக்காது. அந்த இரண்டு மாதத்தைப் பாசி தாங்கும், மிச்சம் ஃபீசுக்கு ஆகும் என்று கணக்குப் போட்டோம். குழுக் கடனில் 60,000, என் வளையல்களை அடகு வைத்து 45,000. மொத்தம் 1,05,000 ரூபாயில் 40 மிதவை போட்டேன். மிதவை என்றால் 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம். அதில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, ஒவ்வொரு முடிச்சிலும் 150 கிராம் விதைப்பாசி, ஆக மிதவைக்கு 60 கிலோ. மாமியும் (வீட்டுக்காரரின் அம்மா) நானும் மணலில் உட்கார்ந்து பத்து நாள் முடிச்சுப் போட்டோம். கயிறு அறுத்து ஆள்காட்டி விரலில் தோல் உரிந்து, சோறு பிசையும்போது எரியும். ஒவ்வொரு முடிச்சுக்கும் "இயேசுவே, மகளுக்கு" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேதான் போட்டேன். பங்குச் சாமியாரைக் கூப்பிட்டுக் கடற்கரையில் மந்திரித்த பிறகுதான் இறக்கினோம். அந்த அளவுக்கு நம்பிக்கையோடு செய்த வேலை அது.

இங்கேயே முதல் தப்பைச் சொல்லிவிடுகிறேன். 45 நாளில் பாசி அறுவடைக்கு வரும். அதனால் ஒருத்திக்கு 45 மிதவை, நாளுக்கு ஒன்றாக இறக்கி நாளுக்கு ஒன்றாக அறுக்க வேண்டும் என்றுதான் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படிச் செய்தால் ஒரு வாரம் கடல் கெட்டாலும் எல்லாம் ஒரே வயதில் மாட்டிக்கொள்ளாது. நான் கட்டண அவசரத்தில் பிப்ரவரி முதல் பாதிக்குள்ளேயே எல்லாவற்றையும் இறக்கினேன். மார்ச் கடைசியில் பத்து மிதவை அறுத்துக் காயவைத்து விற்றதில் 11,000 ரூபாய் வந்தது. மீதி முப்பதை, புனித வாரம் வருகிறதே, ஈஸ்டர் கழியட்டும், எடையும் கூடட்டும் என்று விட்டுவைத்தேன். அந்த வருசம் மார்ச் 31ல் ஈஸ்டர். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் கோயிலிலேயே கிடந்தேன்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் ஒரு காலையில் இறங்கினால் தண்ணீர் காலில் வெந்நீர் மாதிரி பட்டது. மிதவையைத் தூக்கிப் பார்த்தேன். பழுப்பும் பச்சையுமாக விறைப்பாக இருக்க வேண்டிய பாசி, கணுவுக்குக் கணு வெள்ளையாக இருந்தது. தொட்டால் வேகவைத்த சேமியா மாதிரி விரலிலேயே நைந்துபோனது. ஒரு அலை அடித்தது, கண் முன்னால் கொத்துக் கொத்தாக அறுந்து மிதந்து போனது. முடிச்சு மட்டும் கயிற்றில் இருந்தது. நாலே நாளில் முப்பது மிதவையும் வெறும் மூங்கில். பக்கத்துக் கரைப் பெண்களுக்கும் அதேதான். ஒரு வயதான அக்கா, "2013, 14லயும் இப்படித்தாம்மா வெளுத்துச்சு, சூடு ஏறுனா பாசி நிக்காது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை ஜனவரியிலேயே அவரிடம் போய்க் கேட்டிருக்கலாம். பாசி போடப் போகிறவர்கள் பயிற்சிச் சான்றிதழை மட்டும் நம்ப வேண்டாம். அந்தக் கரையில் பதினைந்து வருசம் இறங்கிய ஒரு பெண்ணிடம் எந்த மாதம் எது கெடும் என்று கேட்டுவிட்டு இறக்குங்கள். சித்திரைச் சூடு ஏறுவதற்குள் அறுத்துவிடுங்கள், எடைக்கு ஆசைப்பட வேண்டாம்.

இனிமேல் சொல்லப் போவதுதான் இதை எழுத வைத்த விஷயம். தடைக்காலம், கையில் காசில்லை, வாரா வாரம் குழுத் தவணை. "உனக்காக நான் வைத்திருக்கும் திட்டங்கள் நல்லவை" என்கிற பைபிள் வசனத்தை, எரேமியா 29:11ஐ, பூப்படத்தோடு குறைந்தது இருபது பேர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அனுப்பியவர்கள் எல்லோரும் என் மேல் பிரியம் உள்ளவர்கள்தான். ஆனால் ஒவ்வொரு தடவை அதைப் படிக்கும்போதும் "அப்படியென்றால் இதுதான் அவர் திட்டமா, புனித வாரத்தில் கோயிலில் இருந்ததற்கு இதுதான் பதிலா" என்றுதான் தோன்றியது. சொல்ல ஆள் இல்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால் உடைந்துவிடுவார், மகளிடம் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் தெரிந்த ஒருத்தி மூலம் வெளியூரிலிருந்து வரும் ஒரு ஜெப ஆளிடம் போனேன். ஊரும் பேரும் வேண்டாம். எந்தச் சபை என்பதும் முக்கியமில்லை. ஜெப வீடுகளில் சொந்தக் காசில் கஞ்சி ஊற்றுகிற நல்ல மனிதர்களை எனக்குத் தெரியும், இவர் அந்த ரகம் இல்லை. "இழந்ததைத் திரும்பப் பெற விதைக்க வேண்டும், விதைத்தால் நூறு மடங்கு" என்றார். முதலில் 10,000 கொடுத்தேன். தடைக்கால நிவாரணத்தோடு கைமாற்றும் சேர்ந்த பணம் அது. இரண்டு வாரம் கழித்து, "விசுவாசம் அரைகுறையாக இருக்கிறது" என்றார். தோட்டை அடகு வைத்து 16,000 கொடுத்தேன். கடைசியாக மகள் ஃபீசுக்கென்று என் அண்ணன் கொடுத்த 12,000. மொத்தம் 38,000 ரூபாய். எழுதும்போது கை நடுங்குகிறது. கடல் கொண்டுபோனது கடலோடு போனது. இந்த 38,000ஐ நானே என் கையால் எடுத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட்டில் அந்த ஜெப ஆள் எங்கள் வீட்டுக்கே வந்தார். அதற்குள் கல்லூரியில் கெடு முடிந்து மகள் பெட்டியோடு வீட்டுக்கு வந்திருந்தாள். ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வந்தவர் எங்கள் குடும்பக் கதையெல்லாம் விசாரித்துவிட்டு, "தனுஷ்கோடியில் அழிந்த குடும்பம், சாபம் தொடர்கிறது, அதை முறிக்க வேண்டும்" என்றார். மாமி அடுப்படியில் இருந்தார். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது மாமிக்கு 13 வயது. பாம்பனில் பெரியம்மா வீட்டுக்கு வந்திருந்ததால் பிழைத்தவர். அம்மாவும் தம்பியும் அங்கே இருந்தார்கள். நான் கட்டி வந்த இத்தனை வருசத்தில் அதைப் பற்றி அவர் முழுதாகப் பேசியதே இல்லை. அன்றைக்குக் கையில் கரண்டியோடு வெளியே வந்தார். "எந் தம்பிக்கு ரெண்டு வயசு. அவென் என்ன பாவம் செஞ்சான்னு சொல்லிட்டு அப்புறம் காணிக்க கேளு" என்றார். அந்த ஆள் எழுந்து போய்விட்டார். மாமி என்னைத் திட்டவில்லை. ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு சொன்னார்: "அந்த வருசம் கிறிஸ்மசுக்கு நான் கோயிலுக்குப் போவல புள்ள. அடுத்த வருசமும் போவல. மாதா சுரூபத்தத் திருப்பி வச்சேன். எங்கப்பா ஒண்ணுஞ் சொல்லல, அவரு பாட்டுக்கு செபமால சொல்லுவாரு."

அப்போதுதான் எனக்கு நடந்ததைப் பாவக் கணக்காகப் பார்க்காமல், நடந்தபடியே பார்க்க ஆரம்பித்தேன். அதே 2024 ஏப்ரலில்தான் உலகம் முழுக்கக் கடல் சூடாகிப் பவளப்பாறைகள் வெளுக்கின்றன என்று விஞ்ஞானிகள் அறிவித்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. தண்ணீர் சூடானது என் பாவத்தால் இல்லை. லூக்கா 13ல் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றிப் பேசும் இயேசு, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்கிறார். சின்ன வயதிலிருந்து கேட்ட வாசகம்தான், ஆனால் காதில் மட்டும்தான் விழுந்திருக்கிறது. கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் இழப்புக்குக் காரணம் இன்னதென்று உறுதியாகச் சொல்லி, அதற்கு ஒரு தொகையும் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அன்றைக்குப் பணம் கொடுக்காதீர்கள். நேர்ச்சை எதுவாக இருந்தாலும் நாற்பது நாள் தள்ளிப் போடுங்கள், வீட்டில் ஒருத்தரிடமாவது தொகையைச் சொல்லுங்கள். தொகையை வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை மதித்து அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

சரி, உண்மை தெரிந்துவிட்டது என்பதால் செபம் திரும்பி வந்துவிடவில்லை. ஜூலையிலேயே நின்றுபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், ஊர் வாய்க்குப் பயந்து. வாய் அசையாது. வீட்டில் சாயங்காலம் மாமி செபமாலை சொல்லுவார். "அருள் நிறைந்த மரியே" அவர் பங்கு, "தூய மரியே" என் பங்கு, அதுதான் எங்கள் வழக்கம். நான் பதில் சொல்வதை நிறுத்தினேன். முதல் நாள் மாமி ஒரு நொடி காத்திருந்தார். பிறகு மறுபாதியையும் அவரே சொன்னார். 53 மணிக்கும் இரண்டு பாதியையும் அவரே சொன்னார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாதக்கணக்கில் அப்படியே நடந்தது. செப்டம்பரில் உறவுக்காரர்கள் சொன்னார்கள் என்று ஓரியூர் போனேன். போர்ச்சுகலில் இருந்து வந்த சாமியாரான புனித அருளானந்தர் 1693ல் தலை வெட்டப்பட்ட இடம். சாவதற்கு முந்தைய நாள் சிறையிலிருந்து அமைதியாகக் கடிதம் எழுதியவர். எனக்கு அந்த அமைதியில் கால்வாசிகூட இல்லை. கோயிலுக்குள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் தோன்றவில்லை. செம்மண்ணைக் கொஞ்சம் பொட்டலம் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். புனித இடத்துக்குப் போனால் மனம் உடனே மாற வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். மாறாமல் திரும்பி வந்தாலும் நீங்கள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்துக்கு வரும் ஒரு அருட்சகோதரிதான் எரேமியாவைத் திறந்து காட்டினார். 29:11 தனியாக நிற்கும் வசனம் இல்லையாம். அது பாபிலோனுக்கு அடிமைகளாகக் கொண்டு போகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம். அதற்கு முந்தைய வசனத்திலேயே, திரும்பி வர எழுபது வருசம் ஆகும் என்று இருக்கிறது. அதைக் கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். அதுவரை என்ன செய்யச் சொல்கிறது? ஐந்தாம் வசனத்தில் வீடு கட்டு, தோட்டம் போடு, அதன் பலனைச் சாப்பிடு என்கிறது. வாட்ஸ்அப் படத்தால் கிடைக்காத ஆறுதல் எனக்கு இந்த எழுபது வருசத்தால் கிடைத்தது. சீக்கிரம் சரியாகிவிடும் என்று கடவுளே சொல்லாதபோது, சரியாகவில்லையே என்று நான் என் விசுவாசத்தைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. பவுலுக்கே பித்தினியா போகத் திட்டம் இருந்தது, வழி அடைபட்டது என்று திருத்தூதர் பணிகள் 16ல் இருப்பதையும் அந்தச் சகோதரிதான் காட்டினார்.

2024 டிசம்பர் 22, புயல் அடித்து அறுபது வருசம். மாமி தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போகச் சொன்னார். வேன் பிடித்துப் போனோம். இடிந்த கோயிலின் சுவர்கள் மட்டும் நிற்கின்றன, கூரை கிடையாது, தரையெல்லாம் மணல். வெளியே சங்கு பாசிமாலை விற்கிறார்கள், போட்டோ எடுக்கும் கூட்டம். மாமி பீடம் இருந்த பக்கமாகப் போய்ச் சுவரில் கை வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே மணலில் உட்கார்ந்து செபமாலையை எடுத்தார். காற்று பலமாக அடித்ததால் அவர் குரல் பாதிதான் கேட்டது. இரண்டாவது தேவ இரகசியத்தில் அவருக்கு இருமல் வந்து பாதியில் நின்றுவிட்டது. மறுபாதியை நான் சொன்னேன். அவ்வளவுதான். மாமி திரும்பிப் பார்க்கவில்லை, அடுத்த மணியை நகர்த்தினார்.

மறுநாள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கடவுள் மேல் கோபமாக இருக்கிறேன், ஆறு மாதமாகப் பேசவில்லை என்றேன். சாமியார் ஏழு நாளைக்கு 88ஆம் திருப்பாடலைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்துப் பாருங்கள். மற்றப் புலம்பல் பாடல்கள் பெரும்பாலானவற்றில் கடைசியிலாவது ஒரு வெளிச்சம் வரும், இதில் இருட்டிலேயே முடியும். நான் வெளியில் சொல்லக் கூசிய எல்லாம் அதில் இருக்கிறது, அதுவும் வேதத்துக்குள்ளேயே. சிலுவையில் இயேசு கத்தியதும் 22ஆம் திருப்பாடலின் முதல் வரிதான். கோபத்தை அவரிடமே கொண்டுபோகலாம் என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்குப் புரிந்தது. சொந்த வார்த்தை வராதவர்கள் இந்தத் திருப்பாடலை எடுத்துக்கொள்ளுங்கள்.

பண விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இதில் நான் இழந்த காலம் அதிகம். தவணை தவறிய பிறகு ஒளிந்துகொள்ளாதீர்கள். தவறும் முன்பே போய், எழுதிக் கொடுத்து அவகாசம் கேளுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி குழுக் கடன் கொடுத்தவர்கள் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது. எனக்கு அது தெரியாமல், ராத்திரி ஒன்பதுக்குப் போன் அடித்தால் நடுங்கிக்கொண்டு எடுத்திருக்கிறேன். படிக்கும் பிள்ளை இருந்தால் கல்லூரியில் கெடு முடியும் முன்பே தவணைக்கு எழுத்தில் கேளுங்கள். சிறுபான்மையினருக்கு டாம்கோ (தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம்) கல்விக் கடன் இருக்கிறது, கலெக்டர் ஆபீசில் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விவரம் கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். இதெல்லாம் நான் 38,000ஐத் தூக்கிக் கொடுத்த அதே ஜூன் மாதத்திலும் இருந்தவைதான். மகளிடம் நடந்ததை முழுக்கச் சொன்னபோது அவள், "நூறு மடங்கு கேட்டதுக்கு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்மா" என்றாள். இரண்டு நாள் பேசவில்லை. அது நியாயம். 2025ல் டாம்கோ கடனும் ஜவுளிக்கடையில் அவள் சேர்த்த காசுமாக மறுபடி கல்லூரிக்குப் போனாள். ஒரு வருசம் போனது போனதுதான். வளையல்கள் இன்னும் அடகில் இருக்கின்றன, குழுக் கடனில் 19,000 பாக்கி. இப்போது 12 மிதவைதான் வைத்திருக்கிறேன், மூன்று நாளைக்கு ஒன்று என்று இறக்கினது.

போன மாதம் மண்டபம் பக்கம் ஒரு தங்கச்சிக்கு, ஓரா மீன் கூட்டம் புகுந்து அடிவலையைக் கடித்துப் பாசியை முழுக்கத் தின்றுவிட்டது. புதுசாகப் போட்டவள், கைக்குழந்தைக்காரி. பைபிளில் யோபு எல்லாவற்றையும் இழந்தபோது அவர் நண்பர்கள் ஏழு நாள் இராப்பகலாக வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் சரியாகத்தான் இருந்தார்கள், வாய் திறந்த பிறகுதான் எல்லாம் தப்பாகப் போனது. அதை நினைத்துக்கொண்டு அரிசியும் கொஞ்சம் கருவாடும் எடுத்துப் போனேன். அவள் மணலில் வெறும் மிதவைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். "ஏங்க்கா எனக்கு மட்டும் இப்படி?" என்றாள். "தெரியலம்மா" என்றேன். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டேன். அது தூங்கிய பிறகு இரண்டு பேருமாகக் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, கிழியாத வலையைத் தனியாக மடித்து வைத்தோம். முடிக்கும்போது இருட்டிவிட்டது.